உள்ளே ஒன்றுமில்லாத ஃபங்ஷன்

அந்த ஒரு வரி இன்னும் கண்ணில் நிற்கிறது. கறுப்புத் திரையின் அடியில் சிவப்பு எழுத்தில், அலாரத்தை ஒலிக்கச் செய்யும் ஃபங்ஷனை, அதாவது அந்த வேலைக்கான நிரல்பகுதியை, காணவில்லை என்று துண்டு துண்டான நிரல்களை ஒன்றாகக் கோக்கும் லிங்கர் சொல்லியிருந்தது.

நோயாளியின் நாடித் துடிப்பைக் காட்டும் கருவியின் மென்பொருளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பிரேசர் டவுனில் சின்ன அலுவலகம். இரண்டு மாதம் பிழைகளோடு மல்லுக்கட்டினேன். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பெரிதா சிறிதா என்பதை விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸுக்கோ அது வேறு கோப்பு. அப்படி நூற்றுக்கணக்கில் திருத்தி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் வாயை அடைத்தாயிற்று. லிங்கர்தான் இந்த ஒன்றை விடவில்லை. அலாரம், விண்டோஸில் மட்டுமே ஓடும் யாரோ எழுதி விற்ற ஆயத்த நிரல் தொகுப்பான லைப்ரரிக்குள் இருந்தது. புதிதாக எழுத இரண்டு வாரமாவது வேண்டும். மருத்துவமனைக்காரர்கள் வெள்ளிக்கிழமையே பார்க்க வருகிறார்கள்.

"அதே பேர்ல ஒரு காலி ஃபங்ஷன் போடு குரு, லிங்க் ஆயிடும். டெமோ முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர். போட்டேன். மூன்றே வரி. உள்ளே ஒன்றுமில்லை. பிழை மறைந்தது.

டெஸ்டிங் பார்த்த அக்கா லிங்கராஜபுரத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவரிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். ரிப்போர்ட்டில் 'அலாரம் இல்லை' என்று எழுதினார். மேனேஜர் அந்த வரியை எடுக்கச் சொன்னார்.

"எடுக்கமாட்டேன் சார். ஆஸ்பத்திரியில மாட்டற பொட்டி. ஆளு போனாகூட இது கம்முனு கெடக்கும்."

மேனேஜர் தானே அந்த வரியை அழித்தார்.

வெள்ளிக்கிழமை சென்சாரை என் விரலில்தான் மாட்டியிருந்தார்கள். பச்சைக் கோடு அழகாக ஏறி இறங்கியது. வந்திருந்த டாக்டர் தலையாட்டினார். பின்வரிசையிலிருந்து எழுந்து வந்த அக்கா, சென்சாரை என் விரலிலிருந்து உருவினார். கோடு படுத்துக்கொண்டது. அறையில் ஏ.சி. சத்தம் மட்டும்.

"இப்ப இது கத்தணும் டாக்டர். கத்தாது" என்றார்.

மருத்துவமனைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். மதியம் விசாரணை. அலாரம் விஷயம் தனக்குத் தெரியவே தெரியாது என்று மேனேஜர் கூசாமல் சொன்னார். வேண்டுமென்றே கம்பெனி பேரைக் கெடுத்துவிட்டார் என்று அக்காவைக் கைகாட்டினார். எச்.ஆர். அதிகாரி என் பக்கம் திரும்பி, "சாருக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"சரியா ஞாபகமில்ல மேடம்" என்றேன்.

மாலைக்குள் அக்காவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அந்த மேனேஜர் இன்று பெரிய பதவியில் இருக்கிறார். மேடையேறித் தரத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டுவேன். திட்டி முடித்த பிறகும் கொதிப்பு அடங்காது; அந்த மூன்று வரியை டைப் அடித்தவன் நான். கேட்டபோது வாயைத் திறக்காதவனும் நான். பிறகு அலாரத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதற்கே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் அக்காவைப் பார்த்தேன். வேறு இடத்தில் நல்ல வேலையில் இருக்கிறாராம்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்க்கா. அந்தாளு பண்ண வேலைக்கு..."

"அந்தாள விடு. அவன்கிட்ட நான் எதையும் எதிர்பாக்கல. நீ பேசுவேன்னுதான் உக்காந்திருந்தேன்." என் முகத்தை நேராகப் பார்த்தார். "கோவம் போயிருக்கும்னு நெனச்சியா? போகல."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். நான் போக வேண்டியதும் அதே பஸ்தான். ஏறவில்லை.