தாய்வீட்டுக்கு ஒரு கட்டம்

அரசாங்கத்தில் ஒரு துறையிடமிருந்து இன்னொரு துறை தகவல் வாங்குவது, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்தி வீடுகளுக்கு நடுவே பாத்திரம் இரவல் வாங்குவது போன்றது. இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொடுக்கவும் மாட்டார்கள். இருபது வருடமாகப் புள்ளியியல் பிரிவில் இருக்கிறேன், இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அதனால்தான் அந்த வேலையை என்னிடம் கொடுத்தபோது கால் தரையில் நிற்கவில்லை.

வேலை இதுதான். முந்தைய வருட மழையில், தொண்டிக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டாள். மேலே இருந்த கண்மாய் நிரம்பி மறுகால் போனது. கண்மாய் கொள்ளாத தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து, ஊருக்கு இருந்த ஒரே தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவுக்கு ஓடியது. டிராக்டரில் ஏற்றி, இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து, எப்படியோ கரை சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

அதைப் பற்றிய கூட்டத்தில் கலெக்டர் வரிசையாகக் கேட்டார். கண்மாய் நிறையப் போகிறதென்று யாருக்குத் தெரியும்? நீர்வளத் துறைப் பொறியாளர், "எங்களுக்குக் காலையிலயே தெரியும் மேடம்" என்றார். அந்தப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டதென்று? சுகாதாரத் துறைக்குத் தெரியும். பாலம் தாழ்வென்று? "எங்க பாலம் எங்களுக்குத் தெரியாதா?" என்று நெடுஞ்சாலைத் துறைக்காரர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"ஆக எல்லாருக்கும் தெரியும்" என்றார் கலெக்டர். "ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அடுத்த மழைக்குள் இந்தத் தகவல்களையெல்லாம் ஒன்றோடொன்று பேச வைக்க வேண்டும். இன்னொரு பெண் அந்தப் பக்கம் மாட்டக் கூடாது.

நான் வெறி பிடித்தவள் போல வேலை செய்தேன். வருவாய்த் துறைக்கு ஒரு கிராமம் என்றால், ஊராட்சிக்கு அது நான்கு குடியிருப்பு. சுகாதாரத் துறைக்கு அதில் பாதி ஒரு நர்சம்மாவிடம், மீதி இன்னொரு நர்சம்மாவிடம். இவற்றையெல்லாம் பொருத்தி முடித்த அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பெரிய வரைபடம் ஒன்று செய்தேன். கண்மாய் நீலம், பாலம் கறுப்பு, கர்ப்பிணி சிவப்புப் புள்ளி. புள்ளியைத் தொட்டால் பெயர், கணவர் பெயர், போன் நம்பர், எத்தனையாவது மாதம், எல்லாம் வந்து நிற்கும். கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

சுகாதாரத் துறை மருத்துவர் மட்டும் கைதட்டவில்லை. ஓய்வுபெறப் போகிற வயது, மெதுவாகப் பேசுகிற அம்மா.

"இத யாரெல்லாம் பாக்கலாம்?"

"எல்லாத் துறையும் மேடம்!"

"பாலம் கட்டுறவருக்கு எதுக்கும்மா ஒரு பொண்ணு எத்தன மாசமா இருக்கான்னு தெரியணும்?"

நெடுஞ்சாலைத் துறைக்காரர் அவசரமாக, "எனக்கு வேணாம் மேடம், சத்தியமா வேணாம்" என்றார். அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பெயர் இல்லாமல் யாரைக் காப்பாற்றுவது என்று கொஞ்சம் குரல் உயர்த்தியே கேட்டேன். அந்த அம்மா அசையவில்லை. "எங்க நர்ஸ நம்பிச் சொன்ன விஷயம். அத நான் ஊரு பூரா இறைக்க முடியாது" என்றார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

எரிச்சலோடு கேன்டீனில் உட்கார்ந்து ஆறிப்போன வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. பெயர் ஏன் தண்ணீரிடம் போக வேண்டும்? தண்ணீர் பெயரிடம் வரட்டுமே! கண்மாய் மட்டத்தை நீர்வளத் துறை கொடுக்கட்டும், பாலத்தின் உயரத்தை நெடுஞ்சாலைத் துறை கொடுக்கட்டும், எந்தப் பாலத்துக்குப் பின்னால் எந்த ஊர் என்பதை வருவாய்த் துறை கொடுக்கட்டும். மூன்றும் சேர்ந்து, 'இந்த ஊருக்கு வழி அடைபடப் போகிறது' என்ற ஒரே ஒரு செய்தியாக அந்த ஊர் நர்சம்மாவின் போனுக்குப் போகட்டும். அவரிடம் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவர்கள் திரையில் ஊருக்கு நேராகக் கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்ற எண் மட்டும் தெரிந்தால் போதும்.

வடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். மருத்துவர் அம்மா கேட்டுவிட்டு, "இதுக்குக் கையெழுத்துப் போடுறேன்" என்றார். யார் எதைக் கொடுப்பது, எத்தனை மணிக்குள், யார் எதைப் பார்க்கலாம், பிள்ளை பிறந்ததும் எதை அழிப்பது, எல்லாம் ஒரே பக்கம். எழுத அரை நாள்தான் ஆனது. எல்லாத் துறை முத்திரைகளையும் அதில் வாங்கத்தான் செருப்பு தேய்ந்தது.

மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால், பரமக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. முதல் பிள்ளை, ஒன்பதாம் மாதம். நாத்தனார் என்ற முறையில் நான்தான் முதல் வளையல் போட்டேன், கன்னத்தில் சந்தனமும் பூசினேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் அம்மா வேனில் சாமான்களை ஏற்றிவிட்டு, மகளைக் கூட்டிப்போக அவசரப்பட்டார். அவர்கள் ஊர் தொண்டிப் பக்கம், தரைப்பாலம் தாண்டிப் போக வேண்டும்.

"வாரேன் மதினி" என்று கையைப் பிடித்தாள்.

"போயிட்டு நல்லபடியா வாத்தா" என்றேன்.

வேன் திரும்பியது. நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து புளிச்சோற்றில் கை வைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அவள் போகிற ஊர் எனக்கு மனப்பாடம். வழி அடைபடக்கூடிய ஊர்கள் வரிசையில் இருக்கிறது. அந்த ஊருக்கு நேராக என் திரையில் இருந்த எண்ணும் மனப்பாடம். பூஜ்யம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கையால் வளையல் போட்டு, என் கண் முன்னால் ஒரு நிறைமாதப் பெண்ணைப் பூஜ்யத்துக்குள் அனுப்பி வைத்திருக்கிறேன். அவள் பதிவு செய்தது இங்கே, கணவன் வீட்டு விலாசத்தில். இவள் மட்டுமா? இந்தச் சீமையில் தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகாத பெண் எத்தனை பேர்? கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் வளைகாப்பு என்றால் என்னவென்று தெரியும். பெண்கள் பாதிப்பேர் வளையல் போட்டுக்கொண்டு தாய்வீடு போனவர்கள்தான். திட்டம் போடும்போது மட்டும் எல்லாப் பெண்ணும் ரேஷன் கார்டில் இருக்கிற வீட்டிலேயே பிள்ளை பெறுவாள் என்று நினைத்திருக்கிறோம்!

கையைக் கழுவக்கூட இல்லை. சோற்றுக் கையோடு மருத்துவர் அம்மாவுக்கு போன் போட்டேன். பந்தியில் இருந்தவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"மேடம், நம்ம கணக்குல இருக்குற ஊருல பொண்ணுங்களே இல்ல! தாய்வீட்டுக்குப் போயிட்டாங்க!"

அந்த அம்மா சிரித்தார். "நர்சுங்க தங்களுக்குள்ள போன்ல சொல்லிக்குவாங்கம்மா. நாமதான் அவங்களக் கேக்கல. என் மகளும் பேறுகாலத்துக்கு என் வீட்டுலதான் இருந்தா. எனக்கும் தோணல பாருங்க."

மறுநாளே எல்லோரையும் கூட்டினேன். பதிவில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்: இப்போது தங்கியிருக்கும் ஊர். உடனே ஆளாளுக்கு ஒரு சந்தேகம். விலாசத்துக்கு ஆதாரம் எது, வாரம் ஒரு ஊர் மாறினால் யார் பொறுப்பு என்று இழுத்தார்கள். வெள்ள மீட்புக்குப் படகு தருவதற்காகப் பாம்பனிலிருந்து வந்திருந்த மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் அதுவரை வாயைத் திறக்கவே இல்லை. இப்போது பொறுமை இழந்துவிட்டார்.

"காத்து மாறுனா எங்க ஆளுக தென்கடல் படக வடகடலுக்குக் கொண்டு போயிருவாக. புயலுன்னா நாங்க படகு எந்த ஊருதுன்னா கேக்குறோம்? இப்ப எங்கன நிக்கிதுன்னுதான கேக்குறோம்? பொம்பளப்புள்ளயக் கேக்க என்ன கஷ்டம்?"

அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. கட்டம் வந்தது. யாருடைய ஆதாரமும் வேண்டாம், அந்தப் பெண் சொல்வதே போதும் என்று எழுதினோம். மருத்துவர் அம்மா இன்னொரு கேள்வியையும் சேர்த்தார்: 'தண்ணீர் வந்தால் உன்னைக் கூட்டிப்போக வரலாமா?' சரி என்று அவள் சொன்னால்தான் வண்டி அவள் வாசலுக்கு வரும். நர்சம்மாக்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கக் கேட்க, திரையில் எண்கள் ஊர்விட்டு ஊர் நகர்ந்தன. பூஜ்யமாக இருந்த ஊர்களில் ஒன்று, மூன்று, இரண்டு என்று முளைத்தன. நான் வேறு வேலையே பார்க்கவில்லை. தம்பி மனைவியின் தாய்வீட்டு ஊரில் 'ஒன்று' என்று வந்தபோது திரையைத் தொட்டுப் பார்த்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு மதியம், அந்த ஊருக்கு மேலே இருக்கும் கண்மாயின் மட்டம் ஏறுவதை நீர்வளத் துறை பதிவு செய்தது. திரையில் ஊர் சிவந்தது. நர்சம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. திட்டப்படி என் வேலை முடிந்தது. மனசு கேட்குமா? நாத்தனாராக போன் போட்டேன். அவள் அம்மா எடுத்தார்.

"நர்சம்மா வாசல்ல வண்டியோட நிக்கிறாக. இன்னைக்கிச் செவ்வாக்கெழம. புள்ளத்தாச்சிய வீட்ட விட்டு அனுப்ப மாட்டேன். நாளு இன்னும் கெடக்கு."

"அம்மா, கண்மாய் மறுகால் போகப்போகுது. பாலம் முழுகிரும்!"

"வருசா வருசம் முழுகுறதுதான? ரெண்டு நாள்ல வடிஞ்சிரும். நீங்க ஆபீசுல இருந்துக்கிட்டு எம் மகள அலைய விடாதீக."

ஆறு துறை, அத்தனை முத்திரை, எல்லாம் அந்த வீட்டு வாசற்படியில் ஒரு செவ்வாய்க்கிழமையிடம் தோற்றுக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். அந்த அம்மாவும் கத்தினார். தம்பியைக் கூப்பிடட்டுமா என்று மிரட்டினேன். அப்போது பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. எப்போதும் அம்மா பின்னால் நின்று பேசுகிற பெண், அன்று முன்னால் வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"அம்மா, நாந்தேன் வரச் சொன்னேன். தண்ணி வந்தா கூப்புட வரவான்னு கேட்டாக, வாங்கன்னு சொன்னேன். நான் சொல்லித்தேன் வந்திருக்காக. போறேன்."

போன் கட்டிலில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம்.

பாலத்தைத் தாண்டிவிட்டோம் என்று நர்சம்மா சொன்னபோது தண்ணீர் டயரைத்தான் நனைத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் பாலம் கண்ணுக்கே தெரியவில்லையாம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிள்ளையின் தலை கீழே திரும்பவில்லை. மறுநாள் காலை வலி கண்டதும் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, நல்ல எடை, எங்கள் வீட்டு மூக்கு. வீட்டிலேயே இருந்திருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூடவே வண்டியில் வந்திருந்த அவள் அம்மா என்னைப் பார்த்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார். நான் அழுது சிரித்து ஒரு வழியானேன்.

தண்ணீர் வடிவதற்குள் ஒரு நாள் ஆஸ்பத்திரியில், பிள்ளை தூங்கும் நேரத்தில் அவள் என்னைக் கேட்டாள்.

"மதினி, உங்க கம்ப்யூட்டர்ல எம்பேரு வந்துச்சா?"

"வரலத்தா. ஒன்னுன்னு மட்டும் வந்துச்சு. நர்சம்மாவுக்கு மட்டுந்தான் பேரு தெரியும்."

"நெசமாவா? நீங்க நெனச்சாலும் பாக்க முடியாதா?"

"கலெக்டர் நெனச்சாலும் முடியாது."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க அம்மா வீட்டுத் தெருவுல ஒருத்தி இருக்கா. மூணு தடவ கலைஞ்சிருச்சு. இந்தத் தடவ நாலு மாசம் தாண்டிருச்சு. வெளிய தெரிஞ்சா இதுவும் தங்காதுன்னு பயந்துக்கிட்டு நர்சம்மாகிட்டகூடச் சொல்லல. பேரு யாருக்கும் போகாதுன்னு நான் அவகிட்டச் சொல்லலாமா?"

"சொல்லு" என்றேன். யார் அது என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எனக்கு அந்த ஊரில் பாதிப்பேரைத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் காலைத் தடவினேன்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் திரையைத் திறந்தேன். பிள்ளை பிறந்துவிட்டதால் தம்பி மனைவியின் பதிவு அழிந்திருந்தது. அவள் தாய்வீட்டு ஊரில் அதுவரை வேறு யாரும் பதிவாகியிருக்கவில்லை. ஆனாலும் ஊருக்கு நேராக ஒன்று என்று இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு எண்ணைப் பார்த்து நான் அழுதது அன்றுதான்.