விறகு அறையில் ஒரு வகுப்பு

பள்ளிக்கூடம் விட்டதும் மற்ற டீச்சர்கள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் உடனே எழுந்திருக்க மாட்டேன். எழுந்திருக்க முடியாது என்பதுதான் சரி. சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, யாரும் கத்தாத, யாரும் என்னைப் பிடித்து இழுக்காத அந்த அமைதியில் கொஞ்ச நேரம் கிடப்பேன். அப்புறம்தான் வீடு. அங்கே என் பிள்ளைகள் இரண்டு பேர் காத்திருப்பார்கள். அவர்களுக்கென்று பொறுமை எதுவும் மிச்சம் இருக்காது. "அந்தப் பிள்ளைகளை மட்டும் ஏம்மா திட்டவே மாட்டேங்குற?" என்று சின்னவள் ஒருநாள் கேட்டாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.

யுத்த காலம் அது. மதுரையில் கீழவாசலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த ஆரம்பப் பள்ளியில் நான் வேலை பார்த்தேன். எந்த வகுப்பிலும் உட்கார வைக்க முடியாத பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, பின்கட்டில் முன்பு விறகு போட்டு வைத்திருந்த அறையில் தனி வகுப்பாக்கினார் பெரிய டீச்சர். தலைமையாசிரியையை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். "உனக்குத்தான் கோபம் வராது. நீ பார்த்துக்கோ" என்றார். எனக்குக் கோபம் வரும். சத்தம் போடத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான். பள்ளியில் அதற்கு 'கிறுக்கு கிளாஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. பிள்ளைகள் சொன்னார்கள், சில டீச்சர்களும் சொன்னார்கள்.

ஏழெட்டுப் பிள்ளைகள். காது கேளாத பையன் ஒருவன். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்து திடீரென்று அழும் இரட்டையர். எச்சில் ஒழுக மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு நெசவாளி வீட்டுப் பெண். இவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பயிற்சிப் பள்ளியில் நான் படித்தது கூட்டல் கழித்தலும் கையெழுத்தும் சொல்லிக்கொடுக்க. ஒருவர் கையை ஒருவர் கடிக்காமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பது எந்தப் பாடத்தில் வருகிறது?

கடிக்கிறவள் இன்னொரு பெண். ஒன்பது வயது இருக்கும். அவளுடைய அப்பா, அவர்கள் வீட்டுப் பேச்சில் அத்தா, தகரப் பெட்டி செய்கிறவர். கடையும் வீடும் ஒன்று. விடிந்ததிலிருந்து சுத்தியல் சத்தம். அவளுக்குச் சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள், பக்கத்தில் யார் இருந்தாலும் பற்கள் பதியக் கடிப்பாள். முதல் நாள் அவளை விட வந்த அத்தா, தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, இது பேசாது. ஆனா எல்லாம் புரியும். அங்க இருந்தா தொழில் ஓடாது, தொழில் ஓடுனா இது தாங்காது. நான் என்ன செய்யட்டும்?"

அவள் என்னையும் கடித்தாள். முன்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. கடித்த பிறகு அடிப்பதால் எதுவும் மாறவில்லை என்பது இரண்டொரு வாரத்தில் தெரிந்தது. கடிப்பதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். தோள் இரண்டும் காதுவரை ஏறும். விரல்கள் பாவாடையைச் சுருட்டும். அதைப் பார்த்ததும் அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, வாசலுக்கு வெளியே தண்ணீர்ப் பானை வைத்திருந்த இடத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பேன். அவள் பானையில் கன்னத்தை ஒட்டிக்கொள்வாள். குளிர்ச்சி அவளுக்குப் பிடித்திருந்தது. மூச்சு இறங்கியதும் தானே திரும்பி வருவாள். ஆடியில் தொடங்கியது. மாசி முடியும் சமயத்தில் ஒருநாள், நான் கரும்பலகை பக்கம் திரும்பியிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"போறேன்."

அவள்தான். சொல்லிவிட்டு எழுந்து பானைக்குப் போனாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல் அது. அன்றைக்குச் சந்தோஷப்பட்டேனா என்று யோசித்தால், அப்பாடா என்று இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த கல்வியாண்டில் ஒரு பையனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பதினோரு வயது, வளர்த்தியான உடம்பு. வேறு பள்ளியில் ஒருவனுடைய பல்லை உடைத்துவிட்டான். அவனும் அம்மாவும் பழங்காநத்தத்தில் மாமன் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். "ரங்கூன்லருந்து நடந்து வந்தோம் டீச்சரம்மா" என்றாள் அவன் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் அப்படி நடந்து வந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். யாரும் அவர்களிடம் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் சண்டை எல்லாம் சோற்றைச் சுற்றியே நடந்தது. கேப்பைக் களியைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் தின்பான். பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தாலும் முஷ்டி வந்துவிடும். மற்றவர்களின் சோற்றுத் தூக்குப் போணியிலிருந்து எடுத்து ஓட்டு இடுக்கில் ஒளித்து வைப்பான். எறும்பு ஊர்ந்து, நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். திருட்டுப் பயல் என்று பெரிய டீச்சர் முட்டி போட வைத்தார். மறுநாளும் இடுக்கில் சோறு இருந்தது.

கடிக்கிற பெண்ணின் அத்தாவிடம் சொல்லி மூடி போட்ட ஒரு சின்னத் தகரப் பெட்டி செய்து வாங்கினேன். அதில் பொரிகடலையைப் போட்டு அவன் கையில் கொடுத்தேன்.

"இது உன்னுது. யாரும் தொட மாட்டாங்க. நானும் தொட மாட்டேன். தீரத் தீரப் போடுவேன்."

நம்பாமல் பார்த்தான். பாடம் நடுவில் எழுந்து எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்தான். நான் தடுக்கவில்லை. ஐப்பசி மழை நேரத்தில் பார்ப்பது குறைந்தது. ஒருநாள் இரட்டையரில் ஒருத்திக்கு நாலு கடலையைத் தள்ளிவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் தள்ளினான். ஆனாலும் அடி நிற்கவில்லை. வாரத்துக்கு ஒரு சண்டையாவது விலக்கி, சேலை கிழிந்து, வீட்டுக்குப் போய்த் தைப்பேன்.

குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று ஊரில் ஒத்திகை வைத்தார்கள். நகரசபைக் கட்டடத்து மேல் புதிதாக அபாய ஊதல் ஒன்று பொருத்தியிருந்தார்கள். நாளைக் காலை ஊதும், யாரும் பயப்பட வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பெண்ணைத்தான் நினைத்தேன். அவள் காதில் வைக்கப் பஞ்சு கொண்டுவந்தேன். பெரிய சத்தம் வரும், வந்துவிட்டுப் போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ரங்கூன் பையனுக்கும் எல்லோருக்கும் சொன்னதைத்தான் சொன்னேன். ஆலைச் சங்கு தினமும் ஊதுகிறது, அதை அவன் சட்டை செய்ததே இல்லை.

இது ஆலைச் சங்கு போல ஒரே குரலில் ஊதவில்லை. ஏறி ஏறி இறங்கியது. பெண் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு அலறினாள். நான் அவளிடம் போவதற்குள் அவன் எழுந்துவிட்டான். முகம் சாம்பலாகியிருந்தது. இரட்டையரைக் கழுத்தோடு சேர்த்து இழுத்துச் சுவர் மூலையில் தள்ளினான். காது கேளாத பையனை, ஒன்றும் புரியாமல் சிரித்தவனை, காலைப் பிடித்து இழுத்தான். கடைசியாக அலறிக்கொண்டிருந்தவளைத் தரையில் தள்ளி, அவள் மேல் கவிழ்ந்து படுத்துத் தலையை இரண்டு கையாலும் மூடினான். அவள் கடித்தாள். அவன் முன்கையில் பல் இறங்கியதை நான் பார்த்தேன். இப்போது அடிப்பான், அவளைக் கொன்றுவிடுவான் என்று நினைத்து ஓடினேன். அவன் அடிக்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அப்படியே கிடந்தான்.

ஊதல் நின்றது. கொஞ்சம் பொறுத்து எழுந்தான். முழங்கை வரை ரத்தம். அதைப் பார்க்காமல் ஓட்டுக் கூரையைப் பார்த்தான், பிறகு என்னை.

"எல்லாரும் இருக்காங்களா டீச்சர்?"

"இருக்காங்கப்பா. எல்லாரும் இருக்காங்க."

அப்புறம்தான் அவனுக்கு நடுக்கம் வந்தது. மடியில் இழுத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய பையன், என் மடியில் இடமே இல்லை. பெண் எழுந்து யாரிடமும் சொல்லாமல் பானைக்குப் போய்விட்டாள்.

பெரிய டீச்சர் ரத்தத்தைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டார். "அந்தப் பொண்ணை இனி வைக்க முடியாது. நாளைக்கு இன்னொருத்தர் பிள்ளையைக் கடிச்சா நான்தான் பதில் சொல்லணும்." இருவர் வீட்டுக்கும் ஆள் போனது.

பழங்காநத்தத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தாள் அவன் அம்மா. கட்டுப் போட்ட கையைப் புரட்டிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். மேலே படுத்தான் என்று நான் சொன்னபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டன்னிக்கு தங்கச்சியை இவன்ட்டதான் விட்டுட்டுத் தண்ணிக்குப் போனேன். சத்தம் வந்ததும் அது கையை உதறிட்டு வெளிய ஓடிருச்சு, திரும்பி வரலை. இவன் மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டான். சின்னப்பய, வேற என்ன செய்வான்? அவுங்கப்பா வழியில காய்ச்சல்ல போனாரு. அதுக்கெல்லாம் இவன் ஒரு பொட்டு அழுகலை டீச்சரம்மா. அடிக்கத்தான் செய்யிறான்."

அதற்குள் பெண்ணின் அத்தாவும் வந்து சேர்ந்தார். அவர் பெரிய டீச்சரிடம் போகவில்லை. நேரே பையனின் அம்மாவிடம் வந்தார்.

"தங்கச்சி, எம் புள்ள தெரியாமச் செஞ்சிருச்சு. பெரிய மனசு பண்ணணும்."

"விடுங்கண்ணே. ஆறிரும். அது பயந்துபோய்க் கடிச்சிருக்கு. இவன் பயந்துபோய் அமுக்கியிருக்கான். ரெண்டையும் என்ன சொல்றது?"

பெரிய டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை நடந்தா நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பெண் இருக்கட்டும் என்று சொன்னதாகவே அதை எடுத்துக்கொண்டோம்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நிலைமை மோசமாகத்தான் ஆனது. பெண் ஆறு மாதம் பின்னுக்குப் போய்விட்டாள். பேச்சு நின்றது, மறுபடி கடித்தாள். அவனோ அவளைக் கண்ணை விட்டு மறைய விடவில்லை. அவள் பானைக்குப் போக எழுந்தால் வாசலை மறித்தான். "வெளிய போகக்கூடாது!" அவள் அவனைக் கடித்தாள், இந்த முறை அவன் அறைந்தான். நான் இருவருக்கும் நடுவில் நின்று தொண்டை கட்டிப்போகும்வரை அதே பாடத்தை முதலிலிருந்து சொன்னேன். அவளுக்கு: கடிக்காதே, எழுந்து போ. அவனுக்கு: அவள் போகட்டும், திரும்பி வருவாள், நீ இங்கிருந்தே பார்க்கலாம். கதவைத் திறந்து வைத்து அவனை வாசலோரம் உட்கார வைத்தேன். போனவள் திரும்பி வருவதை அவன் நாள்தோறும் பார்க்க வேண்டியிருந்தது. வந்தாள், ஒவ்வொரு முறையும். மெதுவாகத்தான் அவன் முதுகு தளர்ந்தது.

கோடை விடுமுறைக்கு முன்னால் இரண்டாவது ஒத்திகை வந்தது. இந்த முறை அவனிடம் தனியாகச் சொல்லிவைத்தேன். ஊதல் கிளம்பியதும் அவன் எழுந்தான், யாரையும் இழுக்கவில்லை. அவள் பானையருகே போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். அவனும் போய், கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தான். இருவரும் வெடவெடவென்று நடுங்கினார்கள். நான் நடுவில் உட்கார்ந்தேன். ஊதல் நின்றதும் அவன் வாய்விட்டு அழுதான். தங்கச்சி பேரைச் சொல்லி, முதன்முறையாக அழுதான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அருகில் போகவில்லை. அழுது முடியும்வரை எழுந்தும் போகவில்லை.

மறுவருஷம் அந்த அறை ரேஷன் தானியம் அடுக்கத் தேவைப்பட்டது. பிள்ளைகள் கலைந்தார்கள். பையன் மாமனோடு வண்டி ஓட்டப் போனான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு மூன்றாம் வகுப்பு கிடைத்தது. வாய்ப்பாடு சொன்னால் திருப்பிச் சொல்கிற பிள்ளைகள். ராத்திரி தூக்கம் வந்தது. ஆனால் உடம்பில் ஊறிப்போன அசதி மட்டும் வெகுநாள் போகவில்லை. வகுப்பில் யார் தோளாவது லேசாக உயர்ந்தால் நான் பாதி எழுந்திருப்பேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் காய்கறிச் சந்தையில் பெண்ணின் அத்தாவைப் பார்த்தேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இருக்கா டீச்சரம்மா. கோவம் வருது, போகுது. கடிக்கிறதில்லை. எங்க அண்ணன் வீட்டு மச்சியோட கைப்புள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, அது அழுதா மட்டும் எங்கிட்ட நீட்டிருவா. இம்புட்டு போதும்னு இருக்கு."

எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கத்தரிக்காயைப் பொறுக்கப் போனார். நான் கீரைக்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.