மேட்டுத்தெரு நிறுத்தம்

ஜூன் திருவிழாவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளால் லிஸ்பன் நகரம் பிதுங்கியது. டிராம் ஓட்டுநர் அடெலினோ அன்றும் மேட்டுத்தெரு நிறுத்தத்தில் நிற்கவில்லை. முட்டிவலியோடு கைநீட்டிய எதிர்வீட்டு எர்மெலிண்டா அக்காவிடம் இடமில்லை என்று சைகை காட்டிவிட்டு ஓட்டிப்போனான். அந்த வாரத்தில் அது மூன்றாம் முறை.

சாயங்காலம் தெருவே வாசலில் அடுப்பு வைத்து மத்தி மீன் சுட்டது. அடெலினோ முதல் தட்டை அவளிடம் கொண்டுபோனான்.

"என்னடா, லஞ்சமா? நாளைக்குக் கழுத்துல கேமரா மாட்டிக்கிட்டு நிக்கிறேன், நிறுத்துவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சுண்டிப்போனது.

"இடம் இருந்துச்சுக்கா. டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுக்கட்டும்னு தேவாலயத்துக்கிட்ட நிறுத்தினேன். நேரமாயிடுச்சு, அதான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்டா. மூணு நாளும் காலி சீட்டைப் பாத்துட்டுதான் நடந்து மேடேறினேன்."

தட்டைத் தொடாமல் அவள் உள்ளே போனாள்.