விரால் உரசிய சாம்பல்

எங்கள் ஏரிக்கரையில் பழைய சாமான் வாங்குகிற ஆள் கொட்டகை போட்டபோதே எனக்கு மனசு ஒப்பவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து மினி லாரியில் உடைந்த கம்ப்யூட்டர், டிவி, செல்போன் எல்லாம் வந்து இறங்கும். செம்புக் கம்பிக்காக வயர்களைக் கொளுத்துவார்கள். உள்ளே இருக்கும் பச்சை சர்க்யூட் பலகைகளை ஆசிட்டில் போட்டு அலசி, அந்த ஆசிட்டை ஏரியில் ஊற்றுவார்கள். கேட்டால், "வெறும் தண்ணிதாங்க" என்று அந்த ஆள் சிரிப்பார். வெறும் தண்ணீருக்கு மீன் ஏன் செத்து மிதக்க வேண்டும்? அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

வீட்டில் என் ஓரகத்தி மாசமாக இருந்தாள். ஏற்கெனவே கலைந்து கலைந்து, இப்போதுதான் தங்கியிருந்தது. அவளுக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. கொட்டகையைப் பற்றிக் கேட்ட ஆஸ்பத்திரி நர்ஸ், அந்தச் சாமான்களில் ஈயம் இருக்கும், அது உடம்பில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளையையே கெடுக்கும் என்றார். அன்றோடு ஏரி மீன் எங்கள் வாசற்படி ஏறக்கூடாது என்று சட்டம் போட்டேன். வேலைக்குத் திருக்கோவிலூர் போய்வரும் என் வீட்டுக்காரர் ஆற்று விரால் வாங்கி வருவார். அவரையும் விட மாட்டேன்.

"ஆத்து மீன்தானா? இல்ல, நம்ம ஏரி மீனே பஸ் ஏறிப் போய்ட்டு வந்துச்சா?"

"உன் சந்தேகத்துக்கு அந்த மீனே வந்து சத்தியம் பண்ணணும்டி!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்பக்கம் போனேன். ஓரகத்தி விராலைக் கல்லில் வைத்து, வழவழப்புப் போகச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். விராலை எல்லாரும் அப்படித்தான் கழுவுவோம். ஆனால் கேஸ் அடுப்பு எரியும் வீட்டில் ஏது சாம்பல்?

"இது ஏதுடி?"

"ஏரிக்கரையிலேர்ந்துதான்க்கா. வயர் கொளுத்துற எடத்துல குவிஞ்சி கெடக்குது. தெருவே அள்ளிக்கினு வருது. நல்லா நைசா இருக்குது."

"அடிப்பாவி, கீழ போடு!" என்று கத்தி, அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு போகவே இல்லை.

"எத்தினி நாளா இத போட்டுக்கினு இருக்க?"

"நீங்க ஆத்து மீன் வாங்கியாரச் சொன்னதிலேர்ந்துதான்க்கா. ஏரியில நாம வாங்குனது கெண்டை, அதுல வழவழப்பு இல்ல, சாம்பல் வேணாம். விராலுக்குத்தான் வேணும்."

அவள் ஈரக்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னாக்கா, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?"

"ஆவாது" என்றேன். அதை நானே நம்பவில்லை.