படியில் போட்ட உப்பு

ஒக்லாந்தில் பனி கொட்டாது என்று சொல்லித்தான் எங்களை இந்த ஊருக்குக் கூப்பிட்டார்கள். கொட்டாதுதான். ஆனால் இங்கே குளிர்காலமான யூலை மாதத்தில், முதல்நாள் இரவு வானம் துப்புரவாக இருந்தால், விடியற்காலையில் எங்கள் வாசலின் மரப்படிகள் உறைந்து பளபளவென்று கிடக்கும். மனுகாவு என்ற பகுதிக்குக் கிட்ட ஒரு பள்ளத்துக்குள், தெற்குப் பார்த்த வாசல். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால், குளிர்காலம் முழுக்க வெயில் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது. வீடு பார்க்க வந்த அன்று வாசல் எந்தத் திசை என்று இவர் ஏஜென்டிடம் கேட்டார். தெற்கு என்றதும் யோசித்தார். வாடகையைச் சொன்னதும் யோசிப்பதை நிறுத்திவிட்டார்.

இவர் என்றால் என் கணவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் இருட்டோடு எழும்பி டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவரை அங்கே விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவேன். வேலை ஒரு முதியோர் இல்லத்தில். அங்கேயும் ஆட்களைப் பிடித்து எழுப்பி, பிடித்து இருத்துவதுதான். களைப்பாக இருக்கிறதா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஒருநாள் அந்தப் படியில் இவர் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு படியில் கால் வைக்கவே பயந்தார். கனடாவில், ரொறொன்ரோவில் இருக்கும் இவருடைய அக்காவிடம் போனில் சொன்னேன்.

“உப்பைப் போடும், பிள்ளை. ஐஸ் கரைஞ்சுபோம். இஞ்ச நாங்கள் மூட்டை மூட்டையாக் கொட்டுறம்,” என்றார் மச்சாள்.

அங்கே கொட்டுவது வேறு உப்பு, வாயில் வைக்கிற உப்பு இல்லை என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு உப்பு என்றால் இந்தியன் கடை. கல்லுப்பு ஒரு பெரிய பையாக வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்குள் உப்பு வந்து வருடக்கணக்காகிறது. இவருக்கு உப்புப் படக்கூடாது. உப்புப் பட்டால் தாகம், தாகம் வந்தால் தண்ணீர், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. தேசிக்காயும் மிளகும் உள்ளியும் போட்டு ஏமாற்றித்தான் சமைத்துக்கொண்டிருந்தேன். நானும் அதைத்தான் சாப்பிட்டேன். ஒரு வீட்டில் இரண்டு சட்டி வைக்க எனக்குத் தெம்பில்லை.

முதல்நாள் ஒரு பிடி உப்பை அள்ளிக்கொண்டு படியில் நின்றேன். கை போகவில்லை. உப்பைக் காலால் மிதிக்கக் கூடாது என்று வளர்ந்தவள், நடக்கிற இடத்தில் எப்படிக் கொட்டுவது? இவர் கதவடியில் நின்று பார்த்தார்.

“தாரும், நான் போடுறன். நான் என்னத்தை நம்புறனான்?”

அன்றிலிருந்து அது அவருடைய வேலை. பழைய பால்மா டின்னில் உப்பை நிரப்பிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வேறு எந்த வேலையையும் வியாதி அவருக்கு விட்டுவைக்கவில்லை. நான் காரின் முன்கண்ணாடியைச் சுரண்டுகிற நேரத்தில் அவர் படிப்படியாகத் தூவிக்கொண்டு இறங்குவார். பார்க்கச் சந்தோசமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

படியோரம் நின்ற ரோசாச் செடி கருகியது. படியில் அடித்த ஆணிகளின் தலையெல்லாம் துருப்பிடித்தது. கார் விரிப்பு வெள்ளை பூத்தது. வாடகை வீட்டு இன்ஸ்பெக்சனுக்கு ஏஜென்ட் வந்தால் என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கெடுவதற்கு இவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு இவருடைய நிறை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ஊசி ஏற்றுவதற்கு முன் நிறுப்பார்கள். ஏறிய நிறையெல்லாம் தண்ணீர். அங்கே ஒரு தாதி, மலேசியத் தமிழ்ப்பிள்ளை. அவள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“உண்மைய சொல்லுங்கக்கா. வீட்ல உப்பு போட்டுத்தானே சமைக்கிறீங்க?”

“இல்லையம்மா.”

“அப்போ இவ்ளோ தண்ணி எங்கேருந்து வருது?”

வருடக்கணக்காகச் சப்பென்ற சோறு தின்றவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து அலுமாரிகளைக் கிளறினேன். பாண் பையில் உப்பு எவ்வளவு என்று எழுதியிருந்ததை வாசித்தேன். கோயிலில் தருகிற கடலையை நிறுத்தினேன். குளிர்ப்பெட்டியில் ஐஸ் கட்டிகள் மட்டும் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. தாகம் தாங்காமல் இவர் அவற்றை வாயில் போட்டு உறிஞ்சி உமிந்துகொண்டிருந்தார்.

“என்னத்தைக் களவாச் சாப்பிடுறியள்?”

“சத்தியமா நான் ஒண்டும் சாப்பிடேல்லையப்பா.”

ஒருநாள் தண்ணீரை எடுக்க எடுக்க இரத்த அழுத்தம் விழுந்து, டயாலிசிஸ் கதிரையிலேயே மயங்கிவிட்டார். இன்னொரு தடவை இப்படி என்றால் நெஞ்சு தாங்காது என்றாள் அந்தத் தாதி. இந்த முறை அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அடுத்த முறை போகவேண்டிய காலையில் மழை. உறைபனி இல்லை. நான் காருக்குள் இருந்து எஞ்சினை இயக்கிவிட்டு வாசலைப் பார்த்தேன். இவர் டின்னைத் திறந்து இரண்டு பிடி அள்ளிப் படியில் வீசினார். மழைக்குள் யார் உப்புப் போடுவார்கள்? பிறகு ஒரு உப்புக்கல்லை எடுத்துக் கன்னக் கொடுப்புக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அந்த முகத்தில் அப்படி ஒரு ஆறுதலை நான் கண்டு எத்தனையோ காலம்.

இறங்கி ஓடினேன்.

“என்ன செய்யிறியள்?”

துப்பவில்லை. “ஒரு கல்லுத்தானப்பா. சாப்பிடேல்லை, உமியுறன்.”

“செத்துப்போவியள்!”

“நாக்குச் செத்து எத்தினையோ வருசம். மிச்சம் மட்டும்தானே கிடக்கு.”

எனக்கு அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. கையை நீட்டினேன், பிள்ளைகளிடம் நீட்டுகிற மாதிரி. கல்லைத் துப்பினார். டின்னையும் பையில் இருந்த மிச்சத்தையும் குப்பைப் பெட்டிக்குள் போட்டேன். இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு வந்த முதல் உறைபனியில் கேத்திலில் கொதிக்கவைத்த தண்ணீரைப் படியில் ஊற்றினேன். நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் அதுவும் உறைந்து, படி முன்னையதைவிட மோசமாகிவிட்டது. பிந்தினால் அன்றைய கதிரை வேறொருவருக்குப் போய்விடும், அவருக்குள் நிற்கிற தண்ணீரோ நாளை வரை பொறுக்காது. நான் கைபிடியைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கி, கீழ்ப்படியில் அவரைப் பார்த்தபடி திரும்பி நின்று, இரண்டு கைகளையும் நீட்டினேன். என் சப்பாத்தும் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது.

அவர் மேலேயே நின்றார்.

“உப்பு இருந்தா இப்பிடி நிக்கத் தேவையில்லை.”

“உப்பு இருந்தா டயாலிசிஸுக்குப் போகவே தேவையில்லை. நேரா சுடலைதான்,” என்றேன்.

குனிந்து படியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தள்ளி நில்லும். விழுந்தா உமக்கு மேலதான் விழுவன்.”

“விழுங்கோ,” என்றேன். “நானும் கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கலாம்.”

அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தார்.