மகள் காதில் ஒரு ஜெர்மன்காரன்

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போக எழுதிய மொழிப் பரீட்சையில் என் மகள் மூன்றாம் முறையும் தோற்றுவிட்டாள். ரிசல்ட் இன்றுதான் வந்தது.

பாலக்காட்டிலிருந்து வடகரப்பதிக்கு பஸ்ஸில் திரும்பும்போது அவள் காதில் ஜெர்மன் பாட்டு. ஒரு இயர்போனைப் பிடுங்கி என் காதில் வைத்தேன். வற்றிய கிணற்றில் மோட்டார் ஓடுவது போல் ஒரே இருட்டுச் சத்தம். நடுவில் ஒருத்தன் உறுமுகிறான்.

“ஏங்கண்ணு, இவனும் பெயிலாயிட்டானா?”

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“நா அழுதா நீங்க ஜோக்கடிப்பீங்க. இவன் அடிக்க மாட்டானுங்கப்பா.”

ஊர் வரும்வரை வாயை மூடிக்கொண்டு அதையே கேட்டேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

என் பிள்ளை மனசில் இருப்பது பக்கத்து சீட்டில் இருக்கும் எனக்குத் தெரியவில்லை. எங்கேயோ இருக்கும் அந்த ஜெர்மன்காரனுக்கு யார் போய்ச் சொன்னது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.