சீல் பிரிக்காத ஸ்டெபிலைசர் பெட்டி

நெல்லித்தோப்பு டிவி கடை சரோஜா மேடம் இறந்துவிட்டார். காலையில் அவருடைய தங்கை மகன் குமார் அண்ணன் வாய்ஸ் நோட் அனுப்பினார். மூன்று தடவை போட்டுக் கேட்டேன்...

மேடமாக இருந்தால் அதையும் நம்பியிருக்க மாட்டார். "நீ நேர்ல பாத்தியா?" என்றுதான் கேட்டிருப்பார்.

என் பேஜில் பழைய டிவி, ரேடியோ படங்கள் பார்க்கிறவர்களுக்கு அந்த ஸ்டெபிலைசர் பெட்டி ஞாபகம் இருக்கும். எண்பதுகளில் வந்தது, இன்னும் சீல் பிரிக்காதது!! என்னை மாதிரி ஆட்களுக்கு அது புதையல்.

அதை வாங்கத்தான் மூலக்குளத்தில் அவர் வீட்டுக்கு முதலில் போனேன். கதவு பாதிதான் திறந்தது.

"எந்த கம்பெனி அனுப்புச்சு உன்ன?"

"கம்பெனி இல்ல மேடம். நான் அந்தப் பெட்டிக்கு ஃபேன்."

"பொட்டிக்கு எவனாவது ஃபேனா இருப்பானா?"

ஒரு பேப்பரில் இரண்டு தடவை கையெழுத்து வாங்கினார். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம்தான் காபி.

பெட்டியை மட்டும் தரவில்லை. "அது சாட்சி," என்றார்.

அந்தக் கதையை அவர் எனக்கு முழுதாகச் சொல்லி முடிக்க நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

எண்பதுகளின் தொடக்கம். ஒரு பெரிய டிவி கம்பெனிக்கு மேடம்தான் டீலர். டிவி வேண்டும் என்றால் அதே கம்பெனி ஸ்டெபிலைசரையும் சேர்த்து வாங்க வேண்டும். பேப்பரில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. தனியாக டிவி விற்றால் அடுத்த லோடு வராது.

மேடம் டெல்லிக்குக் கடிதம் போட்டார். பெரிய கம்பெனிகள் இப்படிக் கழுத்தைப் பிடித்தால் விசாரிக்க அங்கே ஒரு கமிஷன் இருந்தது.

உடனே லோடு நின்றது. ஷோகேஸில் டிவி இருந்த இடத்தில் சாமி படம் வைத்தாராம். கேஸ் தோற்றால் கடையே போச்சு. கம்பெனியோ, "மக்கள் விரும்பித்தான் வாங்குகிறார்கள்" என்று பதில் எழுதிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் விசாரிக்க ஆபீசர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. மேடத்துக்கு அதுவே சந்தேகம்... டெல்லிக்காரனுக்கு எப்படித் தமிழ் வரும்? கம்பெனி ஆளாக இருந்தால்? அவரிடமும் இரண்டு கையெழுத்து வாங்கி, டெல்லியிலிருந்து வந்த கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்!

"ஒங்கள மாரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காதும்மா," என்றாராம் அவர்.

டிவி வாங்கியவர்கள் வீடுகளுக்கு மேடமே அவரைக் கூட்டிப் போனார். அங்கேதான் சொதப்பல்.

அப்போது வீட்டில் டிவி வைக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்தத் தெருவில் ஒருத்தரும் எடுக்கவில்லை. பேன்ட் சட்டையில், கையில் ஃபைலோடு ஒரு ஆள் வருகிறார் என்றதும்... மொத்தத் தெருவும் டிவியைத் தூக்கி உள்ளே ஒளித்துவிட்டது.

முதல் வீடு, மில் தொழிலாளி மாணிக்கம். "எங்க ஊட்ல டிவியே இல்லீங்க சார்."

"மாடி மேல ஆன்டெனா நிக்குது?"

"அது... துணி காயப் போட சார்."

"மாணிக்கம், என் கடையில தானப்பா வாங்குன!" மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. சாட்சிகள் எல்லோரும் இப்படிச் சொன்னால் கேஸ் என்னாவது?

ஆபீசர் கூடத்தைப் பார்த்தாராம். ஸ்டூல் மேல் ஒரு அட்டைப்பெட்டி. அதன் மேல் பூப்போட்ட துணி. துணியில் நாலு கால் பதிந்த தடம்.

துணியைத் தூக்கினார். ஸ்டெபிலைசர் பெட்டி. சீல் பிரிக்கவே இல்லை.

கட்டாயத்துக்கு வாங்கியதை எல்லோரும் டிவிக்கு ஸ்டாண்டாக வைத்திருந்தார்கள்! டிவியை ஒளித்தவர்களுக்கு அடியில் இருந்ததை ஒளிக்கத் தோன்றவில்லை. வீடு வீடாக அதே பெட்டி, அதே சீல். விரும்பி வாங்கியவன் பிரிக்காமலா வைப்பான்? ஆபீசர் எழுதிக்கொண்டே போனார்.

இப்படிச் சேர்த்துக் கட்டி விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. லோடும் வந்தது.

"ஜெயிச்சிட்டீங்க மேடம்!" என்று கத்தினேன்.

"அப்டிலாம் எழுதிடாத. அடுத்து வந்த மாடல்ல ஸ்டெபிலைசர டிவி உள்ளயே வச்சி மூடிட்டான். வெலையும் ஏறிடுச்சி."

போன வருஷம் குமார் அண்ணன் அவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தார். மேடம் என்னைக் கூப்பிட்டு அதிலிருந்த ஆப்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். "இத நான் கேட்டேனா? இத கேட்டேனா? அழிச்சி குடு."

சிலது அழியவில்லை. போனோடு வந்தவை.

நான் குஷியாகிவிட்டேன். "இதே மாதிரி கேஸ்தான் மேடம் இப்பவும் நடக்குது! பெரிய டெக் கம்பெனிங்க மேல, நம்ம நாட்டுலயும் வெளிநாட்டுலயும்!"

கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்கி பொட்டி தனியா இருந்துச்சி. வேணாம்னு வச்சிருந்தத கண்ணால காட்டுனோம். இதுல எத காட்டுவ?"

அழியாத ஆப்களை ஒரு மூலைக்குத் தள்ளி வைத்துப் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

இன்று மூலக்குளம் போனேன். கூட்டம் அதிகம் இல்லை. கூடத்தின் மூலையில் பெட்டி அப்படியே இருந்தது, மேலே லேண்ட்லைன் போன்.

குமார் அண்ணன் தோளில் கை வைத்தார். "நீதான் ஆசப்பட்டியே, எடுத்துக்க தம்பி. பிரிச்சி வீடியோ போடு. நல்லா ஓடும்."

ஓடும். எனக்கும் தெரியும். டேப்பில் விரல் வைத்துப் பார்த்தேன், ஒரு ஓரம் கூடக் கிளம்பவில்லை.

"இங்கயே இருக்கட்டும்ண்ணே. யாராச்சும் விசாரிக்க வந்தா காட்டணும்."

பிரிக்கல மேடம். சந்தேகம் இருந்தா வந்து பாருங்க.